ரிட்டோனவிர், 1998: மூலக்கூறு மாறவில்லை, மருந்து மாறியது

1998-ஆம் ஆண்டில், எச்.ஐ.வி. தொற்றுக்கான ரிட்டோனவிர் கேப்சூலைத் தயாரித்து வந்த அமெரிக்காவின் அபாட் லேபரட்டரீஸ் நிறுவனத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல பேட்ச்கள் கரைவுச் சோதனையில் தேறாமல் போயின. விழுங்கிய மருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரையும் என்பதை ஆய்வகக் குடுவையில் அளந்து பார்க்கும் வழக்கமான சோதனைதான் அது. அதற்கு முன் சுமார் 240 பேட்ச்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தேறிச் சந்தைக்குப் போயிருந்தன. தேறாத கேப்சூல்களைப் பிரித்துப் பார்த்தபோது, கரைந்த நிலையில் இருக்க வேண்டிய மருந்தின் ஒரு பகுதி படிகமாகப் பிரிந்து நின்றது. அந்தப் படிகத்தை வேதியியல் முறைப்படி பகுத்துப் பார்த்தால் அது ரிட்டோனவிரேதான். ஓர் அணு கூடவில்லை, ஓர் அணு குறையவில்லை, எந்த அணு எந்த அணுவோடு பிணைந்திருக்க வேண்டுமோ அதனோடுதான் பிணைந்திருந்தது.

ஆனால் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தபோது கிடைத்த கோலம் வேறாக இருந்தது. அதே மூலக்கூறுகள் இதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன. பழைய படிகத்துக்கு முதல் வடிவம் என்றும் புதியதற்கு இரண்டாம் வடிவம் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டாம் வடிவத்தின் கரைதிறன் முதல் வடிவத்தினுடையதில் பாதிக்கும் குறைவு. உயிர் காக்கும் மருந்தொன்று சில மாதங்களுக்குள் கேப்சூலாகக் கிடைக்காமல் போனதற்கு இந்த ஒரு வேறுபாடே காரணம்.

பள்ளிப் பாடத்தில் வேதிப்பிணைப்பு என்றால் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்ற மூன்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். உப்பின் உருகுநிலை ஏன் உயர்ந்தது, வைரம் ஏன் கடினமானது, செம்பு ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்ற கேள்விகளுக்கு அவை போதும். ஒரு மாத்திரை கரையுமா கரையாதா என்ற கேள்விக்கு அவை போதாது. அந்த விடை மூலக்கூறுகளுக்கு உள்ளே இல்லாமல், மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கிறது. ரிட்டோனவிர் நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் சகப்பிணைப்புகள் ஒன்றுகூட மாறாததால், வலுக்குறைந்த பிணைப்புகள் மட்டும் என்ன செய்யக்கூடும் என்பது வேறெதனுடனும் கலக்காமல் தெளிவாகத் தெரிவதுதான்.

மருந்தும் அதன் அமைப்பும்

எச்.ஐ.வி. தன் புரதங்களை முதலில் ஒரு நீண்ட சங்கிலியாகவே உருவாக்குகிறது. அச்சங்கிலியை உரிய இடங்களில் வெட்டித் துண்டாக்க அதற்கு புரோட்டியேஸ் என்ற நொதி வேண்டும். ரிட்டோனவிர் அந்த நொதியின் வெட்டும் பள்ளத்தில் போய் அமர்ந்துகொள்வதற்காகவே வடிவமைக்கப்பட்ட மூலக்கூறு. 1996 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் இறப்பு வேகமாகக் குறையத் தொடங்கிய காலத்தின் முக்கியமான மருந்துகளுள் இதுவும் ஒன்று.

37 கார்பன், 48 ஹைட்ரஜன், 6 நைட்ரஜன், 5 ஆக்சிஜன், 2 கந்தக அணுக்கள் கொண்ட இந்த மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 721. இரண்டு பென்சீன் வளையங்களும் இரண்டு தயசோல் வளையங்களும் தொங்கும் நீண்ட, வளைந்து கொடுக்கும் முதுகெலும்பு அதற்கு. ஒற்றைப் பிணைப்புகள் நிறைய இருப்பதால் அது பல விதமாக முறுக்கிக்கொள்ளும். முதுகெலும்பில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும், மூன்று நைட்ரஜன்–ஹைட்ரஜன் தொகுதிகளும் உள்ளன. ஒரு தொகுதியின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜனோ நைட்ரஜனோ ஈர்த்துப் பிடிக்கும் வலுக்குறைந்த பிணைப்பே ஹைட்ரஜன் பிணைப்பு. அதற்குத் தன் ஹைட்ரஜனை நீட்டக்கூடிய இடங்கள் ஆக நான்கு. அந்த ஹைட்ரஜனைப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களும் அதே மூலக்கூறில் ஆங்காங்கே இருக்கின்றன. இந்த நான்கு கைகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாம் அவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

பருத்த மூலக்கூறு, எண்ணெய்த்தன்மை கொண்ட வளையங்கள் என்பதால் ரிட்டோனவிர் நீரில் மிகக் குறைவாகவே கரையும். திடப்பொடியாகக் கொடுத்தால் உடல் அதைப் போதுமான அளவு ஈர்த்துக்கொள்ளாது. ஆகவே எத்தனாலும் நீரும் கலந்த ஊடகத்தில் மருந்தைக் கரைத்து, அரைத்திண்ம நிலையில் கேப்சூலுக்குள் அடைத்தார்கள். கரைந்துவிட்ட மருந்துக்குப் படிக வடிவம் ஏது என்ற எண்ணத்தில், எந்தப் படிக வடிவம் இருக்கிறது என்று கண்காணிக்கும் ஏற்பாடு எதுவும் வைக்கப்படவில்லை. அன்று ஒரே ஒரு படிக வடிவம்தான் அறியப்பட்டிருந்தது என்பதால் அந்த முடிவை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிழை நுழைந்த வாசல் அதுதான். ஒரு கரைசல் நிலைத்திருக்குமா என்பது கரைசலை மட்டும் பொறுத்ததன்று. அதிலிருந்து பிரியக்கூடிய திடப்பொருள் எத்தனை இறுக்கமாகப் பிணைந்து நிற்கும் என்பதையும் பொறுத்தது.

ஒரு சிறிய கணக்கு

இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைச் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சாதாரணமான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுக்கு 10 முதல் 40 கிலோஜூல் வரை போதும். நெருங்கி நிற்கும் எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு விசைகள் அதனினும் மெலிந்தவை. இந்த எண்களை மட்டும் பார்த்தால், வலிய பிணைப்புதான் பண்பைத் தீர்மானிக்கும், மெலிந்ததை விட்டுவிடலாம் என்று தோன்றும்.

கரைதிறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்போ மடக்கைத் தொடர்பு. அறை வெப்பநிலையில் ஒரு பொருளின் கரைதிறன் நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமானால், அதன் படிகம் மோலுக்கு வெறும் 3.4 கிலோஜூல் அளவுக்கு கூடுதலாக நிலைப்பட்டால் போதும். அதாவது ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பில் கால் பங்குகூட வராத அளவு. மூலக்கூறுக்குள் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சகப்பிணைப்புகளை அப்படியே விட்டுவிட்டு, ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு சற்று நேராக, சற்று நெருக்கமாக அமைந்தாலே மருந்தின் கரைதிறன் சரிந்துவிடும்.

இரண்டு வடிவங்களின் உருகுநிலைகளுக்கும் இடையே சில பாகை வேறுபாடுதான் உண்டு. உருகுநிலையை மட்டும் அளந்த ஒருவர் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இரண்டு அடுக்குகள்

ரிட்டோனவிரின் முதுகெலும்பின் ஒரு முனையில் கார்பமேட் என்ற தொகுதி இருக்கிறது: ஒரு நைட்ரஜன், அதை அடுத்து ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பன், அதை அடுத்து இன்னோர் ஆக்சிஜன். இங்கே நைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு ஏட்டில் ஒற்றைக் கோடாக வரையப்பட்டாலும், நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை பக்கத்துக் கார்பனை நோக்கிப் பரவுவதால் அது பாதி இரட்டைப் பிணைப்பாகவே நடந்துகொள்கிறது. இரட்டைத் தன்மை வந்துவிட்டால் அச்சில் சுழல்வது கடினம். எனவே இத்தொகுதி இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும்: டிரான்ஸ் அல்லது சிஸ். டிரான்ஸ் நிலையில் பருத்த பகுதிகள் ஒன்றையொன்று விலகி நிற்பதால் மூலக்கூறுக்கு அதுவே வசதி. கரைசலில் மிகப் பெரும்பாலான மூலக்கூறுகள் அப்படித்தான் இருக்கின்றன. சிஸ் நிலையில் இருப்பவை அரிது.

முதல் வடிவப் படிகம் டிரான்ஸ் நிலை மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கு வசதியான வடிவத்திலேயே வந்து அடுக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அப்படிச் சேரும்போது நான்கு கைகளுக்கும் தக்க இணை அமைவதில்லை. சில நல்ல ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைகின்றன. சில கைகள் வலுக்குறைந்த தொடர்போடு நின்றுவிடுகின்றன.

இரண்டாம் வடிவத்தில் எல்லா மூலக்கூறுகளும் சிஸ் நிலைக்கு மாறியிருக்கின்றன. இந்த மாற்றத்துக்கு மூலக்கூறு தன் உள்ளே ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலைக்குப் பதிலாக, நீட்டக்கூடிய வலிய கைகள் எல்லாவற்றுக்கும் பெறக்கூடிய வலிய இணைகள் கிடைத்துவிடுகின்றன. பேருந்தின் நீள இருக்கையில் ஒவ்வொருவரும் ஒருக்களித்து உட்கார்ந்தால் உட்கார்ந்தவருக்கு வசதிக் குறைவுதான், ஆனால் வரிசை இறுக்கமாக நிரம்பிவிடும்; ஏறக்குறைய அதுதான் இங்கே நடந்தது. தனி மூலக்கூறுக்கு வந்த இழப்பை விட அடுக்கு முழுவதற்கும் கிடைத்த ஆதாயம் அதிகம் என்பதால், மொத்தத்தில் இரண்டாம் வடிவமே நிலைப்பு மிக்கது.

கரைதிறன் ஏன் குறைந்தது என்பதும் இங்கிருந்தே விளங்குகிறது. ஒரு படிகம் கரைவது என்பது பிணைப்புகளின் பரிமாற்றம். படிகத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, எத்தனாலோ நீரோ அவற்றின் இடத்தில் புதிய பிணைப்புகளைத் தர வேண்டும். முதல் வடிவத்தில் சரியான இணை கிடைக்காத கைகளுக்குக் கரைப்பான் அளிக்கும் பிணைப்பு ஒரு முன்னேற்றம். இரண்டாம் வடிவத்தில் எல்லாக் கைகளும் ஏற்கெனவே பற்றப்பட்டுவிட்டன. எத்தனால் கொடுப்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் ஏன் தாமதம்?

இரண்டாம் வடிவம் அத்தனை நிலைப்பு மிக்கதென்றால், அது 1996-லேயே வந்திருக்க வேண்டாமா என்று கேட்பது நியாயம். கரைசலில் இருந்து முதலில் பிரிவது மிக நிலையான திண்மமாக இருக்க வேண்டியதில்லை, எளிதில் உருவாகக்கூடியதே முதலில் வரும் என்பதை வில்லெம் ஆஸ்ட்வால்ட் 1897-லேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். படிகம் வளர வேண்டுமானால் முதலில் சில மூலக்கூறுகள் ஒரே சமயத்தில், சரியான வடிவத்தில், சரியான திசையில் ஒன்றுகூடி ஒரு முளை உருவாக வேண்டும். சிஸ் நிலையில் இருப்பவை அரிதாகையால், அவை போதுமான எண்ணிக்கையில் ஓரிடத்தில் சந்தித்து முளையாவது அதனினும் அரிது.

நம் வீட்டு அடுப்பிலேயே இதைப் பார்க்கலாம். சர்க்கரைப் பாகைத் தெளிவாகக் காய்ச்சி இறக்கி வைத்தால் பல நாள் அப்படியே இருக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு சர்க்கரைப் பரல் உள்ளே விழுந்துவிட்டால், பாகு முழுவதும் மணல் மணலாகப் பூத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் இனிப்புச் செய்பவர்கள் சில துளி எலுமிச்சைச் சாறு விடுகிறார்கள். அமிலம் சுக்ரோஸில் கொஞ்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால், அடுக்கில் பொருந்தாத மூலக்கூறுகள் இடையில் புகுந்து படிகம் வளர்வதைக் கெடுக்கின்றன.

ரிட்டோனவிர் கேப்சூலுக்குள் இருந்ததும் அப்படியொரு பாகுதான். முதல் வடிவத்தைக் கொண்டு கணக்கிட்டால் அது தெவிட்டாத கரைசல், அச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் வடிவத்தைக் கொண்டு கணக்கிட்டால் அதே கரைசல் பன்மடங்கு அதிதெவிட்டிய கரைசல், அதாவது கரையக்கூடிய அளவை மீறி மருந்தைச் சுமந்து நிற்பது. 240 பேட்ச்களும் முளை விழாத பாகாகவே தேறியிருந்தன.

முளை எங்கிருந்து வந்தது? நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்னர் முன்வைத்த விளக்கம் மிக நுட்பமானது. காரத்தின் முன்னிலையில் ரிட்டோனவிரில் ஒரு சிறு பகுதி சிதைந்து, கார்பமேட் பகுதி வளையமாக மூடிக்கொண்ட ஒரு துணைப்பொருள் உருவாகக்கூடும். வளையமாகிவிட்டதால் அதிலுள்ள கார்பமேட் சிஸ் அமைப்பிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. கரைசலில் கரையாமல் ஒதுங்கிய அந்தத் துணைப்பொருளின் படிகப் பரப்பில், அரிதாக உலவும் சிஸ் நிலை ரிட்டோனவிர் மூலக்கூறுகள் வந்து பொருந்திக்கொள்ள, இரண்டாம் வடிவத்தின் முதல் முளை அங்கே தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. வெளிப் பொருளொன்றின் பரப்பு அச்சாக அமைந்து, மூலக்கூறு தானாகச் செய்யத் தயங்கிய வேலையைச் செய்ய வைத்தது.

முதல் முளை தோன்றிய பிறகு நடந்தது, பாலில் உறைமோர் விழுந்த கதை. உறைமோரில் உயிருள்ள நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. இங்கே உயிர் எதுவும் இல்லை, அடுக்கின் ஒழுங்கு மட்டுமே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று போதும். பாதிக்கப்பட்ட ஆலையில் மூலப்பொருளிலேயே இரண்டாம் வடிவம் தலைகாட்டத் தொடங்கியது. இத்தாலியில் இருந்த உற்பத்தி ஆலையில் அது இன்னும் தோன்றாத நிலையில், இரண்டாம் வடிவத்தோடு பழகிய குழுவொன்று அங்கே நேரில் சென்று வந்தது. சென்று வந்த சில நாள்களுக்குள் அங்கும் அது தென்படத் தொடங்கியது. ஆடையிலோ காலணியிலோ ஒட்டிய தூசியில் முளைகள் பயணம் செய்திருக்கலாம் என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம்.

மருந்தை நம்பி இருந்தவர்கள்

கேப்சூல் வரத்து நின்றதும் நோயாளிகள் திரவ மருந்துக்கு மாற்றப்பட்டார்கள். 43 விழுக்காடு எத்தனால் கொண்ட, மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் மருந்து கரைந்த, கடுங்கசப்பான கரைசல் அது. அன்றைய அளவு ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் என்பதால் காலையும் மாலையும் ஏழரை மில்லிலிட்டர் குடிக்க வேண்டும். ஒரு வேளையும் தவறவிடக் கூடாத சிகிச்சையில், வாயில் வைக்க முடியாத மருந்து என்பது சுவை பற்றிய சிறு குறை அன்று. வேளை தவறினால் வைரஸ் எதிர்ப்புத்தன்மையைப் பெற்றுவிடும். ஹைட்ரஜன் பிணைப்பின் திசை மாறியதன் கடைசி விளைவு ஒரு மனிதரின் நாவில் வந்து முடிந்தது என்பதை இந்த நிகழ்வைப் படிக்கும் வேதியியல் மாணவர் மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அந்தத் திரவத்தின் லேபிளில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை உண்டு. வெப்பநிலை குறைந்தால் கரைதிறன் குறையும். கரைதிறன் குறைந்தால் இரண்டாம் வடிவம் பிரியும். 1999-ல் வந்த மென்ஜெலட்டின் கேப்சூலுக்கோ நேர் எதிரான அறிவுரை: குளிரில்தான் வைக்க வேண்டும். அதில் கரைப்பு ஊடகம் ஒலியிக் அமிலம், எத்தனால், ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் ஒரு பால்மமாக்கி ஆகியவற்றாலானது. இரண்டாம் வடிவத்தையே போதிய அளவில் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஊடகம் அது என்பதால், படிகம் பிரியும் அச்சம் இல்லை. ஒரே மருந்து, இரண்டு புட்டிகள், எதிரெதிரான இரண்டு அறிவுரைகள். குளிரில் வைக்கலாமா கூடாதா என்பதை இரண்டிலும் தீர்மானிப்பது, கரைப்பானுக்கும் படிகத்துக்கும் இடையிலான பிணைப்புப் போட்டியில் யார் வெல்கிறார்கள் என்பதே.

ஆலையில் கடுமையான தூய்மையோடும் முதல் வடிவத்தின் முளைகளை வேண்டுமென்றே இட்டும் முதல் வடிவத்தை மீண்டும் தயாரிக்கும் வழிகளும் கண்டறியப்பட்டன. இருந்தும் மருந்தை அந்த வழியில் திரும்பக் கொண்டுபோகவில்லை. காரணம் வெளிப்படையானது: எந்தத் தூசியில் எந்த முளை இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத ஆலையில், நிலைப்புக் குறைந்த வடிவத்தை நம்பி நோயாளிக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

படிகமே வேண்டாம் என்ற தீர்வு

2010-ல் வந்த மாத்திரை வேறொரு பாதையில் போனது. கோபோவிடோன் என்ற பலபடியோடு மருந்தைச் சேர்த்து, சூடாக்கி உருக்கி, பிதுக்கி, குளிரவைத்துப் பொடியாக்கி அழுத்திய மாத்திரை அது. இதில் ரிட்டோனவிருக்குப் படிக அடுக்கே கிடையாது. கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற திண்மம்.

கல்கண்டையும் பஞ்சு மிட்டாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சுக்ரோஸ்தான். கல்கண்டு வாயில் நெடுநேரம் கிடக்கும். பஞ்சு மிட்டாய் நாவில் பட்டதும் காணாமல் போகும். இழைகள் மிக மெல்லியவை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், உருகிய சர்க்கரை சட்டென்று குளிர்ந்ததால் மூலக்கூறுகளுக்கு அடுக்கில் சேர நேரம் கிடைக்கவில்லை என்பது. ஒழுங்கான அடுக்கின் ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க வேண்டிய கூலி அங்கே மிகக் குறைவு. ஆனால் மழைக்காலத்தில் பஞ்சு மிட்டாயைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் சுருங்கி, ஒட்டி, பிறகு கெட்டிப்பட்டுவிடும். ஈரம் உள்ளே புகுந்து மூலக்கூறுகளை நகரவைக்க, அவை அடுக்குக்குத் திரும்பிவிடுகின்றன.

மாத்திரையில் அந்த ஆபத்தைத் தடுப்பது கோபோவிடோன். அதன் கார்போனைல் தொகுதிகள் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பன்கள்) ரிட்டோனவிரின் நீட்டிய கைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளக்கூடியவை. நீண்ட பலபடிச் சங்கிலிகளுக்கு நடுவே சிக்கிய மருந்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடி அடுக்கில் சேர அறை வெப்பநிலையில் வழியில்லை. 1998-ல் எந்தக் கைகள் தங்களுக்குள் பற்றிக்கொண்டு மருந்தைக் கெடுத்தனவோ, அதே கைகளுக்கு வேறு துணை கொடுத்துத்தான் மருந்து காப்பாற்றப்பட்டது. குளிர்பதனம் தேவைப்படாத மாத்திரை என்பதால் மின்தடையும் வெயிலும் வழக்கமாக உள்ள நாடுகளுக்கு இது பெரிய உதவி. இந்தியாவின் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான மருந்துச் சிகிச்சை) திட்டத்தில் இரண்டாம் நிலைச் சிகிச்சைக்குத் தரப்பட்ட, அட்டாசனவிரும் ரிட்டோனவிரும் சேர்ந்த மாத்திரையும் குளிரில் வைக்கத் தேவையில்லாத வகையைச் சேர்ந்ததே.

இன்று ரிட்டோனவிர் பெரும்பாலும் தனி மருந்தாகத் தரப்படுவதில்லை. கல்லீரல் நொதி ஒன்றைத் தடுத்து மற்ற மருந்துகள் உடலில் நீடிக்க உதவும் துணையாக, 100 மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. 2021 டிசம்பரில் கோவிட் சிகிச்சைக்கு அவசர ஒப்புதல் பெற்ற பாக்ஸ்லோவிட் பொதியில் நிர்மட்ரெல்விரோடு இருக்கும் இரண்டாவது மாத்திரை இதுதான்.

அதற்குச் சற்றுப் பின், இரண்டாம் வடிவம் வெளிப்பட்டு ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழித்து, ரிட்டோனவிரின் மூன்றாம் படிக வடிவம் கண்டறியப்பட்டது. உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மருந்துப் படிகங்களுள் ஒன்றில், கரைசலில் தேடியவர்களின் கண்ணில் அத்தனை காலம் படாத அந்த வடிவம், உருக்கிக் குளிரவைத்த ஒழுங்கற்ற ரிட்டோனவிரிலிருந்து பிறந்தது.